அவன் ஏன் ஆட வருவதில்லை?

கேள்வி: கல்லூரியில் மாலை வேளையில் சும்மா பொழுதுபோக்குக்காக வாலிபால் ஆடும் டீமுக்கு நான் கேப்டன். கூட ஆடிய நண்பன் ஒருவன் தன்பால் ஈர்ப்பாளன் என்று தெரிந்ததிலிருந்து கிண்டல் கூடிப்போய், இப்போது அவன் வருவதே இல்லை. 'எல்லோரும் ஆடலாம்' என்று போஸ்டர் ஒட்டினால் சரியாகுமா?

பதில்: ஒட்டுங்கள், தப்பில்லை. ஆனால் போஸ்டர் இல்லாததாலா அவன் நின்றான்? ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, கேப்டன் காதில் விழாததுபோல் நின்றிருப்பார். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்திருக்கும். முதலில் தனியாகப் போய் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த முறை அந்த மாதிரி வார்த்தை வந்தால், யாரைப் பார்த்துச் சொன்னாலும் சரி, அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு 'இது இங்கே வேண்டாம்' என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். பிரசங்கம் வேண்டாம்.

இன்னொன்று. புதிதாகச் சேருகிறவர்களிடம் 'அவன் அப்படி, பார்த்து நடந்துகொள்ளுங்கள்' என்று நல்லெண்ணத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள், யாரிடம் எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய மைக்கேல் சாம், தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று 2013 ஆகஸ்டில் அணியினரிடம் சொன்னார். 2014 பிப்ரவரியில் அவரே ஊடகங்களிடம் பேசும்வரை அது செய்தியாக வெளிவரவில்லை. அதனால் அணியின் ஆட்டமும் கெட்டுவிடவில்லை: 2013 சீசனில் 14 ஆட்டங்களில் 12இல் ஜெயித்தது. அவ்வளவு பெரிய அணியால் அவன் முடிவுக்கு விட்டு வாய் திறக்காமல் இருக்க முடிந்தது, ஆறு பேர் ஆடும் உங்களால் முடியாதா?

கேள்வி: திருநம்பி (பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர்) மாணவர் ஒருவர் எங்கள் பேட்மிண்டன் குழுவில் சேரக் கேட்கிறார். விதி என்ன சொல்கிறது?

பதில்: எந்த விதி? ஹார்மோன் அளவு, தகுதி என்று செய்திகளில் படிப்பதெல்லாம் பதக்கத்துக்கான போட்டிகளைப் பற்றியது. அதிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021இல் பொதுவான கொள்கைகளை மட்டும் சொல்லி, முடிவை அந்தந்த விளையாட்டின் சம்மேளனத்திடம் விட்டது. நீங்கள் வியர்க்க ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், ஆண் பெண் என்று பிரிக்காமல் திறமையைப் பார்த்து ஜோடி சேர்த்தால் போதும். அவர் சொல்லும் பெயரையே பட்டியலில் எழுதுங்கள். உண்மையான சிக்கல் உடை மாற்றும் அறையில்தான் வரும்: தாழ்ப்பாள் உள்ள தனி அறை ஒன்றாவது வேண்டும் என்று உடற்கல்வித் துறையிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். அவருக்காக என்று எழுதாதீர்கள். எல்லோர் முன்னும் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டே ஆட வராத பிள்ளைகள் நிறைய பேர் உண்டு, அவர்களும் வருவார்கள்.