சேற்றுக்கு நீரோட்டம் எப்படித் தெரியும்?

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள், கடலடிச் சேற்றைத் தோண்டிப் பார்த்தால் பல்லாயிரம் வருடத்துக்கு முந்தைய நீரோட்டம் தெரியும் என்கிறாள். ஓடிப்போன தண்ணீர் சேற்றில் என்னத்தை விட்டுப்போகும்? மலாக்கா நீரிணை ஒரு காலத்தில் தரையாக இருந்தது என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர் சொல்வாரே, அதற்கும் இதில் சான்று உண்டா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மகள் சொல்வது சரிதான் ஐயா. கடல்நீரில் கொஞ்சம் யுரேனியம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கரைந்திருக்கிறது. அது சிதையும்போது தோரியம்-230, புரோட்டாக்டினியம்-231 என்று இரண்டு ஐசோடோப்புகள் (ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணு வகை) மாறாத விகிதத்தில் உண்டாகும். இரண்டும் தூசுதுகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. தோரியம் சில பத்து வருடங்களில் இறங்கிவிடும், மற்றது நூறு வருடத்துக்கு மேலும் தண்ணீரோடு சுற்றும். ஒருவர் ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடுகிறார், இன்னொருவர் பஸ் போகிற வரை போகிறார் என்று வையுங்கள். பஸ்ஸே ஓடவில்லை என்றால் இருவரும் ஒரே இடத்தில்தானே இறங்க வேண்டும்?

வட அட்லாண்டிக்கில் ஆழ்நீரோட்டம் நன்றாக ஓடினால் புரோட்டாக்டினியம் தெற்கே போய்விடும், அங்குள்ள சேற்றில் அதன் பங்கு குறையும். பெர்முடா அருகே எடுத்த சேற்றுத் தூணை அளந்து 2004-இல் வெளியான ஆய்வில், சுமார் 17,500 வருடங்களுக்கு முன் அந்தப் பங்கு ஏறி, உண்டாகும் விகிதத்தையே கிட்டத்தட்டத் தொட்டிருந்தது. அதாவது நீரோட்டம் ஏறக்குறைய நின்றுபோயிருக்கிறது. பனிப்பாறைகள் உருகி நல்ல தண்ணீர் மேலே பரவியதால், உப்புநீர் கனத்து மூழ்குவது தடைபட்டது என்பதே பலர் சொல்லும் காரணம். என்னைக் கேட்டால் இந்த ஒரு அளவை மட்டும் நம்பக்கூடாது, ஏனென்றால் டயாட்டம் என்னும் நுண்பாசியின் சிலிக்கா ஓடுகள் புரோட்டாக்டினியத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கார்பன், நியோடிமியம் ஐசோடோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அப்புறம், உங்கள் பெரியவர் சொன்னது. அதற்குச் சாட்சி ஆக்சிஜன். எடை குறைந்த ஆக்சிஜன்-16 உள்ள நீர் எளிதில் ஆவியாகி, பனியாக நிலத்தில் தங்கிவிட்டால் கடலில் ஆக்சிஜன்-18 மிகும். ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓட்டில் அது பதிவாகும். குளிரும் ஓட்டில் ஆக்சிஜன்-18-ஐக் கூட்டும், ஆனால் பெரும்பங்கு பனியுடையது என்று 1967-இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். அவ்வளவு நீர் பனியாக நிலத்தில் தங்கியதால், சுமார் 20,000 வருடங்களுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. நீரிணையின் பெரும்பகுதி அவ்வளவு ஆழம் கிடையாது. தெலுக் இந்தானிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம், வழியில் ஆறு குறுக்கிட்டிருக்கும், அவ்வளவுதான்.