வரியைக் குறைத்தால் வருவாய் கூடுமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வரி விகிதத்தைக் குறைத்தால் அரசின் வருவாய் தானாகக் கூடிவிடாது என்று சென்ற கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். வரி குறைந்தால் கையில் பணம் தங்கும், தொழில் பெருகும், ஏய்ப்பு குறையும், கடைசியில் அரசுக்கும் கூடுதலாகக் கிடைக்கும் என்றுதானே பலரும் எழுதுகிறார்கள்? இதில் பிழை எங்கே? வளரும் நாடுகள் முதலீட்டை ஈர்க்க வரிவிலக்கு தருவதும் தவறா?

க.

அன்புள்ள க.,

அந்த வாதம் பொய்யல்ல. எந்த விகிதத்திலிருந்து குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

30 சதவீத வரியை 25 ஆக்குகிறோம். அரசுக்கு நட்டம் வராமலிருக்க, வரிக்கு உட்படும் வருமானம் 20 சதவீதம் உயர்ந்தாக வேண்டும். வரி கட்டுபவருக்கோ, கூடுதலாகச் சம்பாதிக்கும் 100இல் முன்பு 70 மிஞ்சியது, இனி 75 மிஞ்சும். ஆதாயம் 7 சதவீதம்தான். அதற்காக ஒருவர் தன் வருமானத்தை 20 சதவீதம் கூட்டிவிடுவாரா? மாதச் சம்பளக்காரர் நினைத்தாலும் முடியாது.

அமெரிக்காவில் 1963இல் வருமான வரியின் உச்ச விகிதம் 91 சதவீதம். 1964ஆம் ஆண்டுச் சட்டம் அதை 1965க்குள் 70 ஆக்கியது. அந்தப் படியில் இருந்தவருக்குக் கூடுதல் 100இல் 9 மிஞ்சிய இடத்தில் 30 மிஞ்சியது. மூன்று மடங்குக்கும் மேல். அரசு ஈடுகட்டத் தேவைப்பட்டது 30 சதவீத உயர்வு. அவ்வளவு உயரத்தில் குறைப்பு தன் செலவைத் தானே மீட்டுவிட வாய்ப்புண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் லாஃபரின் பெயரால் வழங்கும் வளைகோடு சொல்வதும் இதையே: விகிதம் ஏற ஏற வருவாய் ஒரு உச்சிவரை கூடும், அதைத் தாண்டினால் குறையும். ஆனால் நாம் உச்சிக்கு இந்தப் பக்கம், அதாவது குறைத்தால் வருவாய் குறையும் பக்கம், நிற்கிறோமா, அந்தப் பக்கமா என்பதை அந்தக் கோடு சொல்லாது. இன்று பெரும்பாலான நாடுகள் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன என்பது என் கணிப்பு.

இந்தப் பக்கம் நின்று குறைத்தால் என்னவாகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், ஆளுநர் சாம் பிரவுன்பேக் காலத்தில், 2012இல் உச்ச விகிதத்தை 6.45இலிருந்து 4.9 ஆக்கச் சட்டம் போட்டது. அதைவிடப் பெரிய ஓட்டை அதே சட்டத்தில் இருந்தது: உரிமையாளரின் சொந்த வருமானமாகக் கணக்கில் வரும் தொழில் லாபத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. ஊழியராக வாங்கினால் வரி. அதே வேலையை ஒப்பந்தக்காரராகச் செய்து வாங்கினால் வரி இல்லை. ஒரு புதிய வேலைகூட உருவாகாமல், தாளில் பெயரை மாற்றினாலே வரி மிச்சம். வருவாய் சரிந்தது, கடன் தரமதிப்பீடு இறங்கியது, நெடுஞ்சாலை நிதியை எடுத்துப் பொதுச் செலவை ஓட்டினார்கள். 2017இல், ஆளுநரின் சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவர் மறுப்பையும் மீறி அதன் பெரும்பகுதியை ரத்து செய்தது.

ஏய்ப்பு குறையும் என்கிறீர்கள். ஏய்ப்பவர் இன்று கட்டும் விகிதம் பூஜ்ஜியம்; அவருக்கு 25கூட அதிகம்தான். அவரை வரிக்குள் கொண்டுவருவது மூன்றாவது ஆள் தரும் தகவல்: சம்பளம் கொடுப்பவர் செய்யும் பிடித்தம், வங்கி அனுப்பும் வட்டிக் கணக்கு, தான் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) திரும்பப் பெற வாங்கும் வியாபாரி கேட்கும் ரசீது. ரசீது கேட்க யாரும் இல்லாத கடைசிக் கண்ணியான சில்லறை விற்பனையில்தான் மதிப்புக் கூட்டு வரி அதிகம் ஒழுகுகிறது.

வரிவிலக்கைப் பொறுத்தவரை நான் அழுத்திச் சொல்வேன்: பத்தாண்டு வரிவிடுமுறை, அதாவது அத்தனை ஆண்டும் லாபத்துக்கு வரியே இல்லை என்பது, இருக்கும் கருவிகளிலேயே மோசமானது. அது முதலீட்டுக்கு அல்ல, லாபத்துக்குத் தரும் பரிசு. எப்படியும் வந்திருக்கக்கூடிய, முதல் ஆண்டிலேயே கொழுத்த லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கே அதிகம் போகிறது. விடுமுறை உள்ள கிளைக்கு மற்ற கிளைகளின் லாபத்தை, தமக்குள் விற்றுக்கொள்ளும் பொருளின் விலையை மாற்றிக் காட்டி நகர்த்துவார்கள். பத்தாண்டு முடிந்ததும் வேறு பெயரில் புதிய நிறுவனம் பதிவாகும். இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டின்படி, ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேலுள்ள குழுமங்களுக்குக் குறைந்தபட்ச வரி 15 சதவீதம். உங்கள் நாடு 5 சதவீதம் மட்டும் வாங்கினால், விட்டுக்கொடுத்ததில் பெரும்பங்கை, அந்த விதியை நடைமுறைப்படுத்திய வேறொரு நாடு வசூலித்துக்கொள்ளலாம்.

சலுகை தந்தே ஆக வேண்டுமென்றால் விரைவுத் தேய்மானம் தாருங்கள். இயந்திரத்தின் விலை முழுவதையும் வாங்கிய ஆண்டிலேயே செலவாகக் கழித்துக்கொள்ளலாம். இயந்திரம் வாங்காதவருக்குச் சலுகை இல்லை. வாங்கியவருக்கும் பிந்தைய ஆண்டுகளில் கழிக்க எதுவும் மிச்சமிருக்காது என்பதால், வரி பின்னால் வந்துசேரும்; அரசு இழப்பது பெரும்பாலும் காலத்தை மட்டுமே.