டியூப் லைட்டைக் கழற்றிய பின் நீட்டிக்கொண்டிருக்கும் ஒயரை என்ன செய்வது?

லைட்டைக் கழற்றியாயிற்று, சுவரில் இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கிறது, சுவிட்சை அணைத்து வைத்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. சில பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் (மின்சாரம் வரும் ஒயர்) கொடுக்காமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் ஒயர்) கொடுத்திருப்பார்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஒயரில் 230 வோல்ட் நிற்கும். அதனால் மெயினையே அணையுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் (பலர் மறப்பது இதைத்தான்). டெஸ்டர் எரிகிறதா என்று மெயினை அணைக்கும் முன்பே ஒரு பிளக்கில் பார்த்துவிட்டு, அணைத்த பிறகு இந்த ஒயர்களில் வைத்துப் பாருங்கள், எரியக்கூடாது.

அப்புறம் ஒவ்வொரு முனையையும் தனித்தனி கனெக்டரில் (ஒயர் முனையைச் செருகி மூடும் பிளாஸ்டிக் துண்டு) மூடுங்கள். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் ஷார்ட் சர்க்யூட்தான். வெறும் டேப்பை நான் நம்புவதில்லை, சூட்டில் பசை விட்டுவிடும். மூடிய முனைகளைச் சுவரில் உள்ள ஒயர் பெட்டிக்குள் தள்ளி மூடி போடுங்கள். அங்கே இனி லைட்டே வேண்டாம் என்றால், எலக்ட்ரீஷியனை வைத்து சுவிட்ச் போர்டிலேயே இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது.