பக்கவாதம் வந்தவரை எப்படிப் படுக்க வைப்பது? – கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். மாத்திரை, ஸ்கேன் பற்றிக் கேட்டவர்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மதுரை: அப்பாவுக்கு இடது கை, கால் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து மல்லாந்தேதான் படுத்திருக்கிறார். எந்தப் பக்கம் திருப்பலாம்?

இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும்.

வலப் பக்கம் படுக்கும்போது இடது கை மேலே இருக்கும். அதை மார்புக்குக் குறுக்கே விழவிடாதீர்கள். முன்னால் தடித்த தலையணை வைத்து, தோளிலிருந்து விரல் நுனிவரை முழுக் கையும் அதன்மேல் கிடக்கட்டும். மணிக்கட்டு விளிம்பில் தொங்கினால் கை வீங்கும். இடது காலை லேசாக மடக்கி, பாதத்தோடு இன்னொரு தலையணைமேல் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய போர்வை.

இடப் பக்கம் படுக்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை. தோள்பட்டை எலும்புக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை விட்டு, தோளை மெல்ல முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பாரம் தோள்மூட்டின் முனையில் விழாமல் பட்டை எலும்பில் விழும்.

மல்லாந்து படுத்தால் இடது தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் மடித்த துண்டு. முழங்காலுக்கு அடியில் எந்நேரமும் தலையணை வைத்தால் கால் மடங்கியே இறுகிவிடும்.

கையைப் பிடித்து இழுத்துத் திருப்பாதீர்கள். தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்திருக்கிறது. கையின் எடையே தோள்மூட்டைக் கீழே இறக்கப் போதும்.

சேலம்: வாதம் வந்த பக்கம் படுத்தால் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்காது. அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருப்பதால் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், தோலைப் பாருங்கள். அவ்வளவுதான்.

கோவை: சும்மா சொல்லாதீர்கள். எங்கள் அம்மாவுக்கு அப்படிப் படுத்துத்தான் தோள்வலியே வந்தது.

அம்மாவின் வலியை நான் மறுக்கவில்லை. தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டதா, யாராவது கையை இழுத்தார்களா என்று முதலில் பாருங்கள். வலி இருக்கும்வரை அந்தப் பக்கம் வேண்டாம்.

சேலம்: அப்புறம் எதற்கு வீம்பாக அந்தப் பக்கம்? நல்ல பக்கமே போதாதா?

நல்ல பக்கமே படுத்தால் அவருடைய ஒரே வேலை செய்யும் கை அடியில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் டம்ளரையோ போர்வையையோ அவரே எடுக்க அந்தக் கை வெளியே இருக்கட்டும். ஒரே இடுப்பு எலும்பு நாள் முழுக்கப் பாரம் தாங்கினால் புண் வரும். லண்டனில் பிசியோதெரபிஸ்ட் பெர்த்தா போபாத்தும் மருத்துவரான கணவர் கரேல் போபாத்தும் வகுத்த பயிற்சி முறையில் வந்த சிகிச்சையாளர்கள், மறந்துபோன பக்கத்தை மூளைக்கு நினைவூட்டவும் வாதம் வந்த பக்கம் படுப்பது உதவும் என்பார்கள். எந்த நிலை சிறந்தது என்று ஆய்வுகள் முடிவுகட்டவில்லை. மாற்றி மாற்றிப் படுக்க வைக்க என் காரணங்கள் கையும் தோலும்தான்.

தஞ்சாவூர்: தலையணை இல்லாமல் படுத்தால் மூளைக்கு ரத்தம் அதிகம் போகுமாமே?

இந்தியா, இலங்கை உட்பட 9 நாடுகளில் 11,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஹெட்போஸ்ட் ஆய்வு 2017-இல் வந்தது. முதல் 24 மணி நேரம் தட்டையாகப் படுத்தவர்களுக்கும், தலைப்பக்கம் 30 டிகிரியாவது உயர்த்திப் படுத்தவர்களுக்கும் 90 நாள் கழித்து ஊனத்தில் வித்தியாசம் இல்லை. மூக்குக் குழாயில் உணவு கொடுப்பவர்கள் கொடுக்கும்போதும், அதன்பின் அரை மணி நேரத்துக்காவது தலைப்பக்கத்தை உயர்த்தியே வையுங்கள். இல்லையென்றால் உணவு நுரையீரலுக்குப் போகலாம்.

நெல்லை: கையில் ரப்பர் பந்து கொடுக்கலாமா?

வேண்டாம். மடக்கும் தசைதான் ஏற்கெனவே இறுகப் பார்க்கிறது. விரலை விரித்து வைப்பதுதான் நம் வேலை.

ஈரோடு: ஸ்மைலி பந்து?

நெல்லைக்குச் சொன்னதே.

விருதுநகர்: பந்து இல்லை, துணி உருண்டை...

எந்த உருண்டையும் வேண்டாம். கையை நீட்டி, தலையணைமேல், விரித்து.

கரூர்: புறா ரத்தம் தேய்க்கலாமா?

கூடாது.

திருச்சி: ஏர் பெட் வாங்கிவிட்டோம். இனித் திருப்ப வேண்டாம்தானே?

வேண்டும். புட்டத்தில், குதிகாலில், கணுக்காலில் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே தேய்க்காதீர்கள், நடுவில் ஓட்டையுள்ள வளையத்தை அடியில் வைக்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். அன்றே நர்ஸிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.

கடலூர்: நாற்காலியில் உட்கார வைக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கலாமா?

கூடாது. இடுப்பில் பெல்ட்டோ மடித்த துண்டோ கட்டி, அதைப் பிடித்துத் தூக்குங்கள். உட்கார்ந்ததும் பாதம் இரண்டும் தரையில் படியட்டும், விழுந்த கை மடியிலிருந்து நழுவாமல் தலையணைமேல் இருக்கட்டும்.