கூபர் பீடி: மருமகன் போட்ட திட்டம் சரிவருமா?

வணக்கம்.

ஜூலையில் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் மகள் வீட்டுக்குப் போகிறோம். நான், மனைவி, 74 வயதான அப்பா. அங்கிருந்து ஓபல் சுரங்க ஊரான கூபர் பீடிக்குப் போய், பாறையைக் குடைந்து கட்டிய வீடு ஒன்றில் ஒரு ராத்திரி தங்கிவர ஆசை. வாடகைக் காரில் 9 மணி நேரம் என்று வரைபடம் காட்டுகிறது. காலையில் கிளம்பிச் சாயங்காலம் சேர்ந்து, மறுநாள் மதியம் வரை சுற்றிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பிவிடலாம் என்கிறார் மருமகன். சரிவருமா? மனைவிக்கு அங்கே தோண்டியெடுக்கும் ஓபல் ரத்தினக் கல் ஒன்று வாங்கவும் எண்ணம். ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

மாதம் அருமையான மாதம். ஜனவரியில் அங்கே பகல் வெயில் சராசரியாகவே 36, 37 பாகை செல்சியஸ், சில நாள் 45-ஐயும் தொடும். கூடவே முகத்தை மொய்க்கும் ஈ. ஜூலையில் பகல் 18, 20 பாகைதான். விடியற்காலையில் 5, 6-க்கு இறங்கும் என்பதால் அப்பாவுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருமகனின் திட்டம் மட்டும் வேண்டாம். அந்தச் சாலையில் இரவில் ஓட்டக் கூடாது. அடிலெய்டிலிருந்து கூபர் பீடி 846 கி.மீ. ஜூலையில் ஏழேகாலுக்கு மேல்தான் விடியும், மாலை ஆறுக்குள் பொழுது சாய்ந்துவிடும். 9 மணி நேரம் என்பது எங்கும் நிற்காமல் ஓட்டினால். பெட்ரோல், சாப்பாடு, அப்பா காலை நீட்டி நடக்க என்று இரண்டு மணி நேரம் சேர்த்தால் கடைசிப் பகுதி இருட்டில்தான் வரும். கங்காருவும் ஈமுவும் சாலைக்கு வருகிற நேரம் சரியாக அதுதான். பல இடங்களில் வேலியே கிடையாது, மாடுகளும் நிற்கும். நகரத்துக்கு வெளியே இருட்டிய பின் மிருகத்தின் மீது மோதினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். பகலிலேயே குறுக்கே ஏதாவது வந்தாலும் ஸ்டியரிங்கை ஒடிக்காமல், நேராக வைத்தபடியே பிரேக்கை அழுத்த வேண்டும். 110 கி.மீ. வேகத்தில் ஒடித்தால் கார் கவிழும்.

ஆகவே வழியில் உள்ள போர்ட் ஆகஸ்டா ஊரில் ஒரு ராத்திரி தங்குங்கள். முதல் நாள் மதியத்துக்குள் கிளம்பினால் 310 கி.மீ. ஓட்டி வெளிச்சத்திலேயே அங்கே சேரலாம். மறுநாள் காலை எட்டுக்குப் புறப்பட்டால் மீதி 540 கி.மீ.யை நிதானமாகக் கடந்து மூன்று மணிவாக்கில் கூபர் பீடி. அங்கே இரண்டு ராத்திரி, திரும்பும்போது மறுபடி போர்ட் ஆகஸ்டாவில் ஒன்று. மொத்தம் ஐந்து நாள். மருமகனுக்கு அவ்வளவு விடுப்பு கிடைக்காவிட்டால் சிறு விமானத்திலோ பேருந்திலோ போங்கள். பேருந்து இரவெல்லாம் ஓடி விடிவதற்கு முன் இறக்கிவிடும். தங்குமிடத்தில் முன்பே சொல்லிவையுங்கள்.

போர்ட் ஆகஸ்டாவுக்கு வடக்கே பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால், அரை டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். வழியில் வரும் கிளெண்டாம்போ என்ற சிற்றூரைத் தாண்டினால் 250 கி.மீ.க்கு மேல் ஒரு கடைகூடக் கிடையாது. ஆளுக்கு 5 லிட்டர் குடிநீர் காரிலேயே இருக்கட்டும். வழியில் ஓரளவாவது சிக்னல் கிடைப்பது டெல்ஸ்ட்ரா என்ற கைபேசி நிறுவனத்துக்குத்தான், அதுவும் ஊர்களை ஒட்டி. வரைபடத்தை அடிலெய்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். எதிரே வரும் ‘ரோடு ட்ரெயின்’ லாரிகள், அதாவது பல பெட்டிகளைக் கோத்து இழுப்பவை, 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். கடக்கும்போது காற்று காரைத் தள்ளும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். முந்துவதென்றால் ஒரு கிலோமீட்டராவது சாலை காலியாகத் தெரிய வேண்டும். இந்த வழியில் ஒரு நீண்ட பகுதி வூமெரா ராணுவச் சோதனைப் பகுதிக்குள் போகிறது. நெடுஞ்சாலையை விட்டுப் பக்கவாட்டு மண்பாதைகளில் இறங்காதீர்கள்.

வீட்டுக்குள் போக ஏணியில் இறங்க வேண்டியிருக்குமோ என்று அப்பா கவலைப்பட வேண்டாம். பெரும்பாலானவை குன்றின் பக்கவாட்டில், தரைமட்டத்தில் வாசல் வைத்துக் குடைந்தவை. பாறை வழியே வெப்பம் மிக மெதுவாகத்தான் இறங்கும். அதனால் தலைக்கு மேல் சில மீட்டர் பாறை இருந்தாலே வெளியே 45 ஆனாலும் 5 ஆனாலும் உள்ளே 23, 25 பாகையில் நின்றுவிடுகிறது. சுவரில் குடையும் இயந்திரத்தின் பற்கள் போட்ட வட்ட வட்டமான கோடுகள் அப்படியே தெரியும். தூசி உதிராதபடி மேலே பசை பூசியிருப்பார்கள். கூரையில் காற்றுக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். விளக்கை அணைத்தால் கைவிரல்கூடத் தெரியாத இருட்டு. ராத்திரி விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். சில இடங்களில் கழிவறை அறைக்கு வெளியே, தூரத்தில் இருக்கும். பதிவு செய்யுமுன் அதைக் கேட்டுவிடுங்கள். சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்தால், அடிலெய்டு சென்ட்ரல் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிப் போய்ச் சமைத்துக்கொள்ளலாம். ஞாயிறு, திங்கள் அந்த மார்க்கெட்டுக்கு விடுமுறை.

கூபர் பீடியைச் சுற்றிலும் ஓபலுக்காகத் தோண்டிக் கொட்டிய வெள்ளை மண்மேடுகள் கூம்பு கூம்பாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூடாத குழி இருக்கலாம், சிலது 30 மீட்டர் ஆழம். ஓடாதீர்கள், பின்னோக்கி நடக்காதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். படம் எடுக்கிற ஆர்வத்தில் பின்னால் கால் வைப்பதுதான் ஆபத்து. மண்ணைக் கிளறி ஓபல் தேட ஆசையிருந்தால் ஜூவல்லர்ஸ் ஷாப் ரோட்டில் பொதுமக்களுக்கென்றே ஒதுக்கிய இடம் இருக்கிறது. மற்ற மேடுகள் எல்லாம் பிறருடைய உரிமை நிலம்.

இனி கல். 1915-ல் 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் அங்கே ஓபலைக் கண்டெடுத்ததிலிருந்து அந்த ஊருக்குப் பேர் வெளிர்நிற ஓபலில்தான். கருப்பு ஓபலுக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் லைட்னிங் ரிட்ஜ். ஆகவே மலிவு விலையில் கருப்பாக மினுங்கும் கல்லைக் காட்டினால் அது பெரும்பாலும் ‘டப்லெட்’, அதாவது மெல்லிய ஓபல் சீவலைக் கருப்பு அடித்தளத்தில் ஒட்டியது. அதற்கு மேல் கண்ணாடியோ குவார்ட்ஸ் படிகமோ வைத்து மூடினால் ‘ட்ரிப்லெட்’. இரண்டும் மோசடி அல்ல, ஆனால் விலை மிகக் குறைவு. தண்ணீரில் ஊறினால் பசை விட்டு மங்கிப்போகும். தினமும் கையில் போடும் மோதிரத்துக்கு ஆகாது.

அதனால் நகையில் பதித்ததை வாங்காமல் உதிரிக் கல்லாகப் பாருங்கள். பதித்துவிட்டால் ஓரம் மறைந்துவிடும். கல்லைப் பக்கவாட்டில் பிடித்து, ஓரத்தில் ஒரே நேர்க்கோடாக ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கடை விளக்கை விட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் நிறம் அணையாத கல் நல்ல கல். பச்சை, நீலத்தை விடச் சிவப்பு தெறிப்பதற்கு விலை கூடுதல்.

ரசீதில் ‘சாலிட்’, அதாவது ஒட்டில்லாத முழுக் கல், என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே கடையில் 300 டாலருக்குக் குறையாமல் வாங்கி, 60 நாளுக்குள் நாடு திரும்பினால் 10 சதவீத ஜி.எஸ்.டி. வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். 1000 டாலர் ஆகிவிட்டால் ரசீதில் வாங்குபவர் பெயர் இருக்க வேண்டும். கல்லும் ரசீதும் கைப்பையில் இருக்கட்டும். கேட்டால் காட்ட வேண்டும்.