மூன்றாவது நீட் வேண்டாம்

பாலக்காடு கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்கு,

மகள் இரண்டு தடவை நீட் எழுதியாயிற்று. கோட்டயம் பக்கம் பாலா ஊரில் கோச்சிங்குக்கு இன்னொரு வருஷம் போடச் சொல்கிறார் உங்கள் அண்ணன். மகளோ, அமெரிக்காவில் சைலோசிபின் என்ற, மனநிலையை மாற்றும் காளான் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் துணையிருக்கும் வழிகாட்டியாகப் போகிறேன் என்கிறாள். போதைப் பக்கம் போய்விட்டாளோ என்று தூக்கமில்லை உங்களுக்கு. போகவில்லை, பயப்படாதீர்கள். ஆறுதல் இவ்வளவுதான்.

மூன்றாவது தடவைக்கு ஃபீஸ் கட்டாதீர்கள். தென்னந்தோப்பை அடகு வைத்து வெளிநாட்டு எம்பிபிஎஸ் என்ற பேச்சே வேண்டாம். கடனை அடைக்க உங்கள் அண்ணன் வரமாட்டார்.

அவள் சொல்லும் வேலை நிஜம்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020-இல் மக்கள் வாக்களித்து இதைச் சட்டமாக்கினார்கள். 2023-இல் மையங்கள் திறந்தன. வழிகாட்டி டாக்டராக இருக்க வேண்டியதில்லை. 21 வயது, பள்ளிப் படிப்பு, பயிற்சி, தேர்வு, லைசென்ஸ். மருந்துக்கு முன்பே ஒருநாள் உட்கார்ந்து பேசுவார். லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவரா, நிஜம் எது பிரமை எது என்று தெரியாமல் போகும் சைக்கோசிஸ் வந்தவரா என்று கேட்பார். ஆமென்றால் மருந்து கிடையாது. பயம் வந்தால் கையைப் பிடிக்கலாமா, தோளில் கை வைக்கலாமா என்பதற்கும் அன்றே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவார். மருந்து கொடுத்தபின் ஐந்தாறு மணி நேரம் பக்கத்திலேயே இருப்பு. அழுதால் அழ விட வேண்டும், புத்திமதி சொல்லக்கூடாது. நம் சொந்தக்காரர்களில் யாருக்கும் இது முடியாது! உங்கள் மகளுக்கு முடியுமென்றால் அது சாதாரண விஷயமில்லை.

ஆனால் இந்தியாவில் சைலோசிபின் 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம். ஆன்லைனில் 'வழிகாட்டி சர்டிபிகேட்' என்று விற்பவர்களுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். இங்கே அதை வைத்து ஒரு வேலையும் கிடைக்காது.

நான் சொல்வது மனநல நர்சிங். நர்ஸ் என்றதும் ஐசியூ, துபாய், லண்டன் என்று கிளம்புகிற ஊரில் இந்தப் பிரிவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேரளத்தில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்து வந்திருக்கிறது, கேரள அரசின் எல்பிஎஸ் சென்டர் வழியாக விண்ணப்பம். நாலு வருஷப் படிப்புக்குள்ளேயே மனநல வார்டில் போஸ்டிங் வரும். அங்கே அவளுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடித்தால் எம்.எஸ்சி.க்கு பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் வரை போகலாம். திருச்சூர், கோழிக்கோடு மனநல மையங்களில் தமிழும் மலையாளமும் பேசுகிற நர்ஸ் கிடைத்தால் எல்லைப்புற நோயாளிகளுக்கு எவ்வளவு நிம்மதி! "பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலையா?" என்று உறவு கேட்கும். கேட்கட்டும்.

அரசு இடத்துக்கு முதலில் போடுங்கள். கர்நாடகத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜெண்ட் வந்தாலும் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.