மூன்றாவது செபமாலை

கேள்வி: தினமும் திருப்பலிக்குப் போகிறேன். மூன்று செபமாலை சொல்கிறேன். வெள்ளிதோறும் ஒருசந்தி நோன்பு. ஆனாலும் கடவுள்மீது அன்பு பொங்கவில்லை. செபத்தில் தூக்கம் வருகிறது. விழித்திருந்தால் பக்கத்து அறையில் மாமியாரின் இருமலும் புலம்பலும் மனத்தைக் கலைக்கின்றன. புனித வாழ்வில் முன்னேற இன்னும் எந்தச் செபத்தைக் கூட்ட வேண்டும்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: எதையும் கூட்டாதீர்கள்.

தூக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். 1888இல், 15 வயதில், பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர் குழந்தை இயேசுவின் தெரேசா. ஏழு ஆண்டுகளாகச் செப வேளையில் தூங்கிவிடுவதாக அவரே எழுதியிருக்கிறார். தூங்கினாலும் பிள்ளை பெற்றோருக்குப் பிள்ளைதானே என்று தேற்றிக்கொண்டார். (அறுவை சிகிச்சைக்கு மருத்துவரும் தூங்கத்தானே வைக்கிறார் என்று ஒரு வாதம் வேறு!) இவரைத்தான் திருச்சபை 1925இல் புனிதராகவும் 1997இல் மறைவல்லுநராகவும், அதாவது திருச்சபைக்கே ஆசானாகவும், அறிவித்தது.

அன்பு பொங்கவில்லை என்கிறீர்கள். பொங்குவதற்கு அது பாலா? தெரேசாவின் கடைசி ஒன்றரை ஆண்டு காசநோயிலும், விண்ணகம் உண்டா என்றே மருட்டும் இருளிலும் கழிந்தது. அந்த இருளுக்குள் இருந்துதான், உடன் வாழும் சகோதரிகளை நேசிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதினார். 24 வயதில் இறந்தார்.

இனி அந்த இருமல். நீங்கள் போகிறபோக்கில் சொன்னீர்கள். எனக்கென்னவோ உங்கள் கேள்வியே அதுதான் என்று படுகிறது. மாலைத் தியானத்தில் தெரேசாவுக்குப் பின்னால் அமரும் ஒரு சகோதரி ஓயாமல் விநோதமாகச் சத்தமெழுப்புவார். திரும்பி முறைக்கலாமா என்றிருக்கும். அடக்கியடக்கித் தெரேசாவுக்கு வியர்த்துக்கொட்டியது. கடைசியில் அந்தச் சத்தத்தையே கச்சேரிபோலக் கூர்ந்து கேட்டு, இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார். அன்றைய தியானமே அவ்வளவுதான். தமக்கு எதிலுமே பிடிக்காத இன்னொரு சகோதரியிடம் தெரேசா காட்டிய பரிவோ, "என்னிடம் அப்படி என்ன பிடித்துவிட்டது உங்களுக்கு?" என்று அந்தச் சகோதரியையே கேட்கவைத்தது. அதற்காக அவரைத் தெரேசாவுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். எரிச்சல் இருந்தது; எரிச்சலோடுதான் புன்னகைத்தார்.

கண்ணெதிரே உள்ளவரை நேசிக்காமல் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்று யோவானின் முதல் திருமுகம் சொல்வதை நீங்கள் திருப்பலியில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். மூன்றாவது செபமாலைக்கான நேரத்தில் மாமியாருக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக்கொடுங்கள். அவர் புலம்பலைப் பாதியில் வெட்டாமல் கேளுங்கள். அன்பு பொங்குகிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டியிருந்தால் கஷாயத்தை நம்பாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ச் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.